வெள்ளிவார்ச் செருப்பும் மக்புலேவின் குதிகாலும்

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி மக்புலேவின் குதிகால் வெடிப்பில் தீக்குச்சியைச் செருகினால் விழாமல் நிற்கும். கேலிக்குச் சொல்லவில்லை, செருகிப் பார்த்திருக்கிறோம். பெண்கள் கூடித் தேநீர் குடித்த ஒரு மத்தியானம் அவளே காலை நீட்டி, "நம்பாதவ எவளாவது இருந்தா குச்சிய எடுத்துட்டு வாங்கடி" என்றாள். குச்சி நின்றது. கன்னத்தில் சர்க்கரைக் கட்டியை ஒதுக்கித் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்த நான் சிரித்த சிரிப்பில் கட்டியை முழுசாக விழுங்கிவிட்டேன்.

துருக்கியின் மலைக்குளிரில் கிடக்கிற எங்கள் எர்சுரூமில் இது ஒன்றும் அதிசயமில்லை. அக்டோபரில் கம்பளிக் காலுறைக்குள் போகிற கால் மே மாதம்தான் வெளிச்சம் பார்க்கும். பனி உருகினதும் ஜன்னல் துடைப்போம், கம்பளம் அலசுவோம், அடுப்புப் புகை படிந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம். கால் என்று ஒன்று இருப்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. ஐம்பது தாண்டியவள் குதிகாலை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு நினைப்பு. வலித்தால் இன்னொரு காலுறை மாட்டிக்கொள்வோம்.

மக்புலேவுக்கு ஐம்பத்துநாலு வயது. வாசற்கதவு உயரம், குரல் மொட்டைமாடி வரை போகும். பனியில் கார் சிக்கிக்கொண்டால் எங்கள் தெருவில் ஆண்களைக் கூப்பிட மாட்டோம், அவளைத்தான் கூப்பிடுவோம். ரப்பர் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கி, ஒரு தள்ளு தள்ளிவிட்டு, "இந்த வண்டிக்கு ஒரு கழுதை வாங்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுவாள். யாருக்காவது காய்ச்சல் என்றால் சூப் பானையோடு வந்து நிற்பாள். கதவைத் தட்ட மாட்டாள், காலால் உதைப்பாள். இரண்டு கையிலும் பானை இருக்கும், வேறென்ன செய்வாள்?

அவள் புருஷன் ஹிக்மத்துக்கு டயர் ஒட்டுகிற கடை. "படுக்கையில இவ கால் பட்டா ரம்பம் பட்ட மாதிரி இருக்கு நெர்மின். ரப்பரா இருந்தா நானே ஒட்டிருப்பேன்" என்று என்னிடம் புலம்புவார். "உங்க வாய முதல்ல ஒட்டுங்க" என்பாள் மக்புலே. இருபத்தெட்டு வருஷக் குடித்தனம் இப்படியே ஓடியது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கர்வம் உண்டு. கல்யாண வீடுகளில் பெண்கள் கைகோத்து ஆடுகிற வரிசையில் முதல் ஆள் அவள்தான். முதலில் நிற்பவள் கையில் கைக்குட்டை இருக்கும். அவள் அதை எப்படிச் சுழற்றுகிறாளோ அப்படித்தான் மொத்த வரிசையும் நகரும். அவ்வளவு பெரிய உடம்பு தரையைத் தொடுகிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். நீளப் பாவாடையும் தடித்த காலுறையும் போட்டுக்கொண்டுதான் இத்தனை வருஷமும் ஆடினாள். குதிகால் அவளுக்கும் கடவுளுக்கும் தெரிந்த ரகசியமாக இருந்தது. எங்களுக்கும் தெரியும், ஆனால் நாங்கள் கணக்கில் இல்லை.

அந்தக் கைக்குட்டைமேல் கண் வைத்திருந்தவள் அவள் ஓர்ப்படி சபாஹத். ஹிக்மத்தின் தம்பி பெண்டாட்டி, எதிர்க் கட்டடம். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் நம்மைப் பார்த்து "நல்லாயிருக்கீங்களா" என்று கேட்டால், வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்க்கத் தோன்றும்.

போன வசந்தத்தில் மக்புலேவின் மகன் தாரிக்கின் கல்யாணம் நிச்சயமானது. பெண் பெலின், இஸ்மீர்க்காரி. பாலர் பள்ளி ஆசிரியையாக இங்கே மாற்றலாகி வந்தவள். முதலில் மக்புலேவுக்கு மனசில்லை. "கடலோரத்துப் பொண்ணு. அங்க காத்து அடிச்சாலே குளிருன்னு சொல்லுவாங்க. நம்ம ஊரு ஜனவரிய இவ தாங்குவாளா?" என்று பேசிவிட்டாள். பேசினது சபாஹத் முன்னால். அது பெலினின் காதுக்குப் போக எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருநாள் அந்தப் பெண் எங்கள் கட்டட வாசலில் இன்னும் உருகாமல் கிடந்த பனிக்கட்டி வழுக்கி மல்லாக்க விழுந்தாள். விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தாள். மேலே ஜன்னலிலிருந்து பார்த்த மக்புலே, "இவ போதும். விழுந்து சிரிக்கத் தெரிஞ்சவ எந்தக் குளிரையும் தாங்குவா" என்றாள். இதை சபாஹத் யாருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அதனால் மாமியாருக்குத் தன்னைப் பிடிக்காது என்ற நினைப்பு அந்தப் பெண் மனசில் ஒரு மூலையில் கிடந்தது.

மே மாதம் இஸ்மீரிலிருந்து சீர் மூட்டைகள் வந்தன. மாப்பிள்ளை வீட்டில் ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு மூட்டை. மாமியார் மூட்டையைப் பெண்கள் நடுவில் பிரிப்பதுதான் முறை. பட்டுத் தலைத்துணி வந்தது, இரவு உடுப்பு வந்தது, வாசனைத் தண்ணீர் வந்தது. கடைசியில் ஒரு அட்டைப்பெட்டி. மக்புலே திறந்தாள். உள்ளே ஒரு ஜோடிச் செருப்பு. வெள்ளி நிறத்தில் மெல்லிசு மெல்லிசாக வார்கள். விரல் தெரியும், புறங்கால் தெரியும், குதிகால் முழுசாக வெளியே இருக்கும்.

எல்லோர் கண்ணும் மக்புலேவின் காலுறைக்குப் போனது. மூட்டையில் வந்ததை மருதாணிச் சடங்கில் போட்டுக்கொண்டு போக வேண்டும். போடாவிட்டால், பெண் வீட்டுச் சீர் பிடிக்கவில்லை, பெண்ணையே பிடிக்கவில்லை என்று அர்த்தம். இது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"ரொம்ப அழகா இருக்கு அக்கா" என்றாள் சபாஹத். செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "குதிகாலுக்கு நல்லாக் காத்து வரும்."

"வரட்டும். உன் நாக்குக்கும் கொஞ்சம் காத்து வந்தா நல்லது, சூடா இருக்கு" என்றாள் மக்புலே. சிரித்தாள். ஆனால் அன்றைக்கு இரண்டாவது கோப்பைத் தேநீர் வேண்டாம் என்றுவிட்டாள். அவள் தேநீர் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை என் சமையலறைக்கு வந்தாள். கதவை உதைக்கவில்லை, தட்டினாள். உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள்.

"நெர்மின், இத மனுஷக் காலா ஆக்கித் தா. அந்தப் பொண்ணு ஏற்கெனவே நான் அவள வேண்டாம்னு சொன்னேன்னு நினைச்சிட்டிருக்கா. இப்ப செருப்பும் போடலேன்னா முடிஞ்சுது. போட்டேன்னா இஸ்மீர்க்காரிங்க எல்லாம் இந்தக் காலப் பாத்து மயக்கம் போடுவாங்க. என் பையன் கல்யாணத்துல நான் நொண்டிக்கிட்டு ஒரு ஓரத்துல உக்காரணுமா?"

நான் பார்த்தேன். வெடிப்பு கொஞ்சநஞ்சமில்லை. ஒன்றிரண்டு உள்ளே சிவந்து ரத்தம் கட்டியிருந்தது.

"மக்புலே, இது காலு இல்ல. வத்திப் பிளந்த ஏரி" என்றேன்.

"கவிதை பாடாத. வேலையப் பாரு."

பித்தவெடிப்புக்குப் பெரிய வைத்தியம் ஒன்றும் கிடையாது. பொறுமைதான் வேண்டும், அவளிடம் இல்லாதது அதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புச் சீவிப் போட்டுக் காலை ஊறவைத்தேன். கொதிக்கிற தண்ணீர் கேட்டாள், கொடுக்கவில்லை. ஊறியதும் நுரைக்கல்லால் ஒரே பக்கமாக மெதுவாக உரசினேன். ஒரே நாளில் மொத்தத் தோலையும் எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம்.

"இவ்வளவுதானா? எங்க வீட்டுல இவரு டயர் சுரண்டுற இரும்பு இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?"

"எடுத்துட்டு வா. அதோட சவப்பெட்டியும் சொல்லிட்டு வா" என்றேன். "பிளேடு, இரும்பு, கத்தரி எதையாவது தொட்டேன்னு தெரிஞ்சுது, உன் காலு, உன் பாடு. சுரண்டச் சுரண்ட அது இன்னும் தடிப்பாத்தான் வரும்."

துடைத்து, விரலிடுக்குகூட ஈரமில்லாமல் காயவைத்து, செம்மறியின் தடித்த வால் கொழுப்பில் தேன்மெழுகு போட்டு உருக்கினதை வெடிப்புக்குள் அழுத்திப் பூசினேன். மேலே பருத்திக் காலுறை. கம்பளி கூடாது, அது எண்ணெயைத் தான் குடித்துவிட்டுக் காலைப் பட்டினி போடும். நகத்தை நேராக வெட்டினேன், ஓரத்தை வளைக்கவில்லை. தினமும் இதையே செய்யச் சொன்னேன்.

முதல் வாரம் ஹிக்மத் மாடிப்படியில் என்னை மறித்தார். "என்னம்மா பூசி அனுப்புற? ராத்திரியெல்லாம் வீட்டுல வறுத்த ஆட்டு வாசனை. எனக்குத் தூக்கமே வரல, பசிக்குது."

ஆனால் குணம் தெரிந்தது. தடிப்பு இறங்கியது, சிவப்பு வாடியது. காலுறை மாட்டும்போது நூல் இழுபடவில்லை. ஒரு சாயங்காலம் என் கூடத்தில் அந்த வெள்ளிச் செருப்பை மாட்டிக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தாள். சின்னப் பெண் மாதிரி குனிந்து குனிந்து தன் விரல்களையே பார்த்தாள்.

"ஏய் நெர்மின், எனக்குக் கால் விரல் அழகுடி! எங்கம்மா என்கிட்ட சொல்லவே இல்ல."

"உங்கம்மா பாத்திருக்க மாட்டாங்க. காலுறையோடதான் பொறந்திருப்ப."

அன்றைக்கு எனக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது. அடுத்த வாரமே அத்தனையையும் கெடுத்துக்கொண்டாள்.

புதுத் தம்பதிக்கு மெத்தையும் போர்வையும் மாப்பிள்ளை வீட்டில் ஆட்டு ரோமத்தில் செய்வோம். ரோமத்தைப் பெரிய தொட்டியில் போட்டு மிதித்து அலச வேண்டும். கட்டடத்துப் பின்முற்றத்தில் பெண்கள் எல்லோரும் கூடினோம். நான் மக்புலேவைக் குச்சியால் ரோமம் அடிக்கிற வேலையில் உட்கார வைத்துவிட்டுத் தேநீர் போட வீட்டுக்குள் போனேன். திரும்பி வந்தால், அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் நிற்கிறாள். மலையிலிருந்து வருகிற தண்ணீர், ஜூனிலும் எலும்பைக் குத்தும். துணிச்சோடாவும் கலந்திருக்கிறது. மிதித்துக்கொண்டே பாட்டு வேறு.

"இறங்குடி கீழே!" என்று கத்தினேன்.

"என் பையன் போத்திக்கிற போர்வைக்கு ஊராரா மிதிப்பாங்க?"

மற்றவர்கள் மிதித்தது அவளுக்குப் போதவில்லை. அவ்வளவுதான் காரணம். மறுநாள் பழைய வெடிப்பெல்லாம் திரும்ப வாய் பிளந்தது. மருதாணிச் சடங்குக்கு ஒரு வாரம்கூட இல்லை.

நான் கத்தித் தீர்த்துவிட்டு மறுபடியும் கொழுப்பை உருக்கினேன். அவள் அதோடு நிற்கவில்லை. எனக்குத் தெரியாமல் சபாஹத்திடம் போய் யோசனை கேட்டாள்.

"மருதாணி அரைச்சு வைங்க அக்கா. எங்க வீட்டுல எல்லாரும் வைப்பாங்க. வெடிப்பு மூடிரும்" என்றிருக்கிறாள் சபாஹத்.

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் வெடிப்புக்கு மருதாணி வைப்பது உண்டுதான். வெடிப்பு வாயில் மட்டும் கொஞ்சமாகத் தடவி, சீக்கிரம் கழுவிவிடுவார்கள். மக்புலே அப்படிச் செய்வாளா? கொஞ்சம் நல்லது என்றால் நிறைய ரொம்ப நல்லது அல்லவா? ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீராகக் கரைத்து, இரண்டு கடைப் பைகளில் ஊற்றி, காலை உள்ளே விட்டு, கணுக்காலுக்கு மேலே கயிறு கட்டி, மத்தியானத் தொடர் பார்க்கச் சோபாவில் சாய்ந்தாள். போர்வை தைத்த களைப்பு. மாலைத் தொழுகைக்கு அழைக்கும்போதுதான் கண் விழித்தாள்.

ஹிக்மத் எங்கள் வீட்டுக் கதவை இடித்த இடியில் நான் அவளுக்கு மாரடைப்பு என்றே நினைத்தேன். ஓடினேன். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்காலிலிருந்து கணுக்கால் வரை செக்கச் சிவப்பு. கயிறு கட்டின இடத்தில் அளவெடுத்த மாதிரி ஒரு கோடு. அதற்கு மேலே வெள்ளை வெளேரென்று கால்.

"குர்பானிக் கிடாவுக்குக்கூட நெத்தியில மட்டும்தான் மருதாணி வைப்பாங்க" என்றார் ஹிக்மத். "இவ குர்பானிப் பெருநாளுக்கு நாலு மாசம் முன்னாடியே ரெடியாயிட்டா."

"சிரிக்காதீங்க! நெர்மின், இது போகுமா?"

"போகும். தோலு உதிரும்போது."

எலுமிச்சை தேய்த்தாள். சமையல்சோடா தேய்த்தாள். தரை துடைக்கிற வெள்ளைத் திரவத்தை எடுத்தபோது பாட்டிலைப் பிடுங்கி என் வீட்டில் ஒளித்துவைத்தேன். விடிந்ததும் சிவப்பு இன்னும் கறுத்து ஈரல் நிறத்துக்கு வந்திருந்தது. வெடிப்பு என்னமோ கொஞ்சம் அடங்கித்தான் இருந்தது. அதைச் சொன்னேன். அவள் அடிக்க வந்தாள்.

சபாஹத் வந்து பார்த்தாள். கையால் வாயை மூடிக்கொண்டாள். கண் மட்டும் சிரித்தது.

"அக்கா, மணப்பொண்ணு கையில வைக்கிறதுக்கு முன்னாடி மாமியார் தானே வச்சுக்கிட்டாங்கன்னு பேசுவாங்களே. யாரு கல்யாணப் பொண்ணுன்னு கேப்பாங்களே. பேசாம மூடின ஷூ போட்டுக்கிட்டு, கால் சுளுக்கிருச்சுன்னு சொல்லிருங்க. ஆட்டத்துல முதல் ஆளா வேணும்னா நான் நின்னுக்குறேன்."

மக்புலே காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். சபாஹத் போனதும் என்னைப் பார்த்தாள். "அவ சொல்றதும் சரிதானோ?"

"சரிதான்" என்றேன். "சுளுக்குன்னு சொன்னா நொண்டணும். நொண்டினா ஆட முடியாது. உன் பையன் கல்யாணத்துல கைக்குட்டை சபாஹத் கையில இருக்கும். செருப்பு பெட்டியில இருக்கும். உன் மருமக அதப் பாத்துட்டுச் சாகுற வரைக்கும் மறக்கமாட்டா. ஒரு சிவப்புக் காலுக்காக இவ்வளவும் வேணும்னா போய் ஷூவத் தேடு."

அன்று முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் கொழுப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மருதாணிச் சடங்குக்கு ஒரு சின்ன மண்டபம் எடுத்திருந்தார்கள். இஸ்மீரிலிருந்து பெலினின் அம்மா குல்செரனும், அத்தைமார்களும் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் மெல்லிசுச் செருப்பு, நகத்தில் பவழச் சாயம், குதிகால் ஒவ்வொன்றும் புது ரொட்டி மாதிரி. மக்புலே வந்தாள். காலில் வெள்ளிவார்ச் செருப்பு. பாவாடையைத் தரை தொட இறக்கிவிட்டிருந்தாள். வந்ததும் ஒரு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். கூப்பிடக் கூப்பிட எழவில்லை. எழாத மக்புலேவை யாருக்கும் தெரியாது. எல்லோரும் அவளையே பார்க்க ஆரம்பித்தார்கள். பெலினும் பார்த்தாள்.

நேரம் வந்தது. பெலினை நடுவில் உட்காரவைத்துத் தலைமேல் சிவப்புத் துணி போட்டோம். மெழுகுவத்தியோடு சுற்றிவந்து, அவளை அழவைக்கப் பாடினோம். அழவில்லை. மாமியார் வந்து கையில் தங்கக் காசு வைத்தால்தான் மணப்பெண் விரலைத் திறப்பாள், அதற்குப் பிறகுதான் மருதாணி. மக்புலே எழுந்து வந்தாக வேண்டும். வந்தாள். பாவாடை நுனியை மிதித்து மிதித்து, வாத்து மாதிரி.

காசை நீட்டினாள். பெலினின் கை மூடியே இருந்தது.

"மணப்பொண்ணு கையத் திறக்கமாட்டேங்குறா!" என்று பெண்கள் கூவினார்கள். இது வழக்கம்தான். இரண்டு தரம் பிகு செய்வாள், பிறகு திறப்பாள். மூன்றாவது தரமும் திறக்கவில்லை.

"காசு சின்னதா இருக்கோ என்னவோ" என்றாள் சபாஹத், எல்லோருக்கும் கேட்கும்படி. குல்செரனின் முகம் சுருங்கியது.

சிவப்புத் துணிக்குள்ளிருந்து பெலினின் குரல் வந்தது. "காசு வேண்டாம்மா. ஒண்ணு கேக்கணும். வந்ததுலேருந்து நீங்க கால ஒளிச்சு ஒளிச்சு வைக்கிறீங்க. செருப்பு உங்களுக்குப் பிடிக்கலையா?"

மக்புலே பாவாடை நுனியை இன்னும் கீழே இழுத்தாள்.

"உங்க வீட்டு வாசல்ல எல்லாரோட செருப்பும் இருக்கும். உங்களுது மட்டும் எப்பவும் அந்த ரப்பர் ஷூ" என்றாள் பெலின். பாடி வரவழைக்க முடியாத அழுகை இப்போது வந்துகொண்டிருந்தது. "அழகா ஒண்ணு இருக்கட்டுமேன்னு கடை கடையா ஏறி நானேதான் வாங்கினேன். என்னைத்தான் உங்களுக்கு..."

அவளை முடிக்க விடவில்லை மக்புலே. பாவாடையை இரண்டு கையாலும் முழங்கால் வரை தூக்கினாள்.

"பாரு! நல்லாப் பாரு மகளே!" என்றாள். அந்தக் குரலுக்கு மண்டபத்துக் கண்ணாடி அதிர்ந்தது. "செருப்பு பிடிக்காமலா? எங்க வீட்டுக்காரர் எனக்கு வாங்கிக் கொடுத்ததெல்லாம் டயர் ரப்பருடி! இந்தச் செருப்பப் போடணும்னு ஒரு மாசமா ஆட்டுக் கொழுப்பப் பூசிக்கிட்டு ஆடு மாதிரி நாறிக்கிட்டு இருக்கேன். குதிகாலு பிளந்து கிடந்துது. தீக்குச்சி நிக்கும். நெர்மின் ஒட்டவச்சா. உன் போர்வை ரோமத்த மிதிச்சு நான் திரும்பப் பிளந்தேன். மருதாணி வச்சா மூடும்னாங்க. பையில ஊத்திக் கட்டிக்கிட்டு டீவி பாத்தேன், தூங்கிட்டேன். எழுந்தா கிடா! இப்ப சொல்லு, உன்ன வேண்டாம்னு சொல்றவ இத்தனை கூத்து அடிப்பாளா?"

குல்செரன்தான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், பக்கத்து அத்தை தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மண்டபமே சிரித்தது. கயிறு கட்டின கோட்டைப் பார்க்க அத்தைமார்கள் குனிந்தார்கள். ஒருத்தி தொட்டே பார்த்தாள். பெலின் சிவப்புத் துணியைத் தானே தூக்கிவிட்டாள். அப்படித் தூக்கக் கூடாது, யாரும் தடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர், வாய் முழுக்கப் பல்.

"அன்னைக்கு நீ பனியில விழுந்து சிரிச்ச பாரு, அப்பவே நீ என் மக" என்றாள் மக்புலே. "வந்து சொல்லாதது என் தப்பு."

பெலின் விரலைத் திறந்தாள். காசும் மருதாணியும் உள்ளே போயின. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் காலையும் நீட்டினாள். "எனக்கும் வைங்கம்மா. அதே கோடு வரைக்கும்."

"அடிப் பைத்தியம், நாளைக்குக் கல்யாணம்!" என்றாள் குல்செரன்.

"வெள்ளைப் பாவாடைக்கு அடியில யார் பாக்கப்போறா?"

மக்புலே தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு பூசினாள். கிண்ணம் அவள் கையில் இருந்தால் கொஞ்சமாகவா பூசுவாள்? இஸ்மீர் அத்தை ஒருத்தி "எனக்கும்" என்று காலை நீட்டினாள். அதற்குள் மக்புலே திரும்பி, "சபாஹத், நீயும் வா. மே மாசத்துலேருந்து மூடின ஷூ போட்டிருக்கியே, உன் குதிகாலு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

சபாஹத்துக்கு முகம் என் தக்காளிக் குழம்பு மாதிரி ஆனது. "எனக்கு ஒண்ணுமில்ல அக்கா."

"ஒண்ணுமில்லாமலா மாடிப்படியில பக்கவாட்டுல இறங்குற? நாளன்னைக்கு நெர்மின் வீட்டுக்கு வா. கல்லு இருக்கு, கொழுப்பும் மிச்சம் இருக்கு. அவ திட்டுவா, கண்டுக்காத."

என்னைக் கேட்காமலே என் சமையலறையை வாடகைக்கு விட்டாள். அவள் குணமே அதுதான். அடுத்தவள் வெடிப்பு வெளியே தெரிந்த நேரத்தில் அவள் சிரித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் செய்தேன். அவள் சிரிக்கவில்லை, கிண்ணத்தைத்தான் நீட்டினாள். சபாஹத் ஷூவைக் கழற்றினாள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இரண்டு தீக்குச்சி நின்றிருக்கும்.

மேளம் ஆரம்பித்தது. பெலினின் காலில் ஈர மருதாணி, மேலே சிவப்புத் துணிப் பை. நடக்க முடியாது. தன் சடங்கில் தானே ஆட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினாள். மக்புலேவின் கையில் கைக்குட்டை வந்தது. முதல் ஆளாக நின்றாள். கைகோத்தோம். அவள் பாவாடையை இந்தத் தரம் இறக்கிவிடவில்லை, இடுப்பில் செருகிவிட்டாள். ஒவ்வொரு அடிக்கும் வெள்ளியும் சிவப்பும் பளிச் பளிச்சென்று மின்னின. வலித்திருக்கும், எனக்குத் தெரியும். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

இரண்டு சுற்று முடிந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "என் மருமக உக்காந்திருக்க, நான் என்னத்த ஆடுறது? தூக்குங்கடி!" என்றாள்.

நாலு பேர் ஓடினோம். நாற்காலியின் முன்கால்களை நானும் ஒரு இஸ்மீர் அத்தையும் பிடித்தோம். பின்கால்களைக் குல்செரனும், வெறுங்காலோடு சபாஹத்தும். தூக்கினோம். பெலின் மேலே அலறிச் சிரித்தாள், பைக்குள் கிடந்த கால் இரண்டும் காற்றில் ஆடின. முன்னால் மக்புலே கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு போனாள். பின்னாலேயே நாற்காலி தாளத்துக்கு ஆடிக்கொண்டு போனது.

"சபாஹத்! உன் பக்கம் தாழுது, தூக்கிப் புடி!" என்று மக்புலே திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். "என் புள்ள விழுந்துரப் போறா!"